ஆறாத புண்ணும் ‘பெருவிழுங்கி’களும்: உடலுக்குப் பந்தல் போட்டுக் கொடுக்கும் மருத்துவம்

பெரியப்பாவுக்கு வலிக்கவே இல்லை. அதுதான் பிரச்சினையே.

முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டு டவுனுக்கு மகன் வீட்டோடு வந்த பிறகும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து விடுவார். ஒரு நாள் காலை, சமையலறைத் தரையில் ஈரமாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பெரியம்மா பார்த்திருக்கிறார். துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் அதே கறை. பெரியப்பா நடந்த இடத்தில் எல்லாம் இருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால், பெருவிரலுக்குக் கீழே இருபது காசு அளவில் ஒரு புண். செருப்பின் அடியில் ஓர் ஆணி முனை துருத்திக்கொண்டு இருந்தது. எத்தனை நாளாகக் குத்தியதோ, அவருக்கே தெரியவில்லை. பதினைந்து ஆண்டு இனிப்புநீர் அவருடைய பாத நரம்புகளை மரத்துப் போக வைத்திருந்தது.

அதன் பிறகும் ‘சின்னப் புண்தானே’ என்று இரண்டு வாரம் மஞ்சள் பத்தும் காமாட் எண்ணெயும் போட்டார்கள். பிறகு கிளினிக், ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுதல், பிறகு எலும்பு வரை கிருமி இறங்கிவிட்டது என்ற செய்தி. ஐந்தாவது மாதம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கட்டு மாற்றும் அறைக்கு வெளியே பெரியம்மா கேட்ட ஒரு கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. “சின்னப் பிள்ளை சைக்கிள்ல இருந்து விழுந்தா ஒரு வாரத்துல ஆறிப் போவுது. இந்தப் புண்ணு மட்டும் ஏன்டா ஆற மாட்டேங்குது?”

நான் படித்தது தமிழ். அறிவியல் எனக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில், உலக ஆய்வகங்களில் கடந்த சில பத்தாண்டுகளாக நடந்துவரும் ஒரு பெரிய வேலை கண்ணில் பட்டது. புண்ணை மூடி வைப்பதோடு நிற்காமல், உடலின் காவல் உயிரணுக்களை வழிநடத்திப் புண்ணை அவற்றையே ஆற்ற வைக்கும் பொருள்களைச் செய்கிறார்கள். இவற்றை ‘உயிரிப்பொருள்’ என்கிறார்கள். நம் சமூகத்துக்கு இது எவ்வளவு வேண்டிய செய்தி என்பதை விளக்கத் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023-இல் அது 15.6 விழுக்காடு. இரண்டு ஆய்விலும் இந்தியரிடையேதான் விகிதம் அதிகம்.

சண்டைக்காரனும் கொத்தனாரும் ஒரே ஆள்

முதலில் ஒரு புண் எப்படி ஆறுகிறது என்று பார்ப்போம்.

தோல் கிழிந்தவுடன் இரத்தம் உறைகிறது. சில மணி நேரத்தில் ஒருவகை வெள்ளை அணுக்கள் ஓடிவந்து கிருமிகளைத் தாக்குகின்றன. இரண்டு மூன்று நாளில் இன்னொரு வகை வந்து சேர்கிறது. இதற்குத் தமிழில் ‘பெருவிழுங்கி’ என்று பெயர். கலைச்சொல் ஆக்கியவர்களை நாம் அடிக்கடி கிண்டல் செய்கிறோம். ஆனால் இந்தச் சொல்லை ஆக்கியவருக்கு ஒரு கும்பிடு போடலாம். கிருமி, செத்த அணு, அழுகிய தசை என்று எதைக் கண்டாலும் அப்படியே விழுங்கிச் செரித்துவிடும் அணு அது.

இதைக் கண்டுபிடித்த கதையே ஒரு முள்ளில்தான் தொடங்குகிறது. 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த இலியா மெச்னிக்கோவ் என்ற ரஷ்ய விலங்கியல் அறிஞர், வீட்டார் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நேரத்தில், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முட்களைச் செருகி வைத்தார். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் திரண்டு நின்றன. உடலுக்குள் ஓர் அன்னியப் பொருள் நுழைந்தால், அதைச் சூழ்ந்துகொள்ள அணுக்கள் வருகின்றன என்பது அப்படித்தான் தெரிந்தது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மெச்னிக்கோவ் பார்த்தது பாதிக் கதைதான். மீதிப் பாதி வெகு காலம் கழித்துத் தெளிவானது. பெருவிழுங்கிக்கு இரண்டு முகம் உண்டு. முதல் சில நாள் அது சண்டைக்காரன். வீக்கம், சூடு, சிவப்பு, வலி எல்லாம் அந்தச் சண்டையின் அடையாளம். கிருமி ஒழிந்த பிறகு அதே அணு குணம் மாறிக் கொத்தனார் ஆகிறது. புது இரத்தக் குழாய் வளர, புதுத் தசை இழை நெய்ய, மற்ற அணுக்களுக்குச் சைகை அனுப்புகிறது. சண்டை ஓய்ந்து கட்டுமானம் தொடங்கும் அந்த மாற்றம் நடந்தால்தான் புண் ஆறும்.

நீரிழிவுக்காரரின் புண்ணில் அந்த மாற்றம் தடைபடுகிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகுதி, ஓட்டம் குறைவு, கிருமித் தொல்லை என்று பல காரணம் சேர்ந்து, பெருவிழுங்கிகள் சண்டைக் கோலத்திலேயே மாட்டிக்கொள்கின்றன. அவை சுரக்கும் நொதிகள் கிருமியோடு நிற்காமல், உடல் புதிதாக நெய்கிற இழைகளையும் அரிக்கின்றன. பகலில் சுவர் எழுப்புவதும் இரவில் அதை இடிப்பதுமாக வாரக்கணக்கில் ஓடுகிறது. பெரியம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில். பெரியப்பாவின் உடல் சும்மா இருக்கவில்லை. ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தது.

தோற்றுப்போனதாக நினைத்த சோதனை

இனி, பொருளுக்கு வருவோம்.

1970-களில் பாஸ்டன் நகரில் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர் தீக்காய நோயாளிகளோடு போராடிக்கொண்டிருந்தார். உடலில் பாதிக்கு மேல் வெந்துபோனவருக்கு ஒட்டுவதற்கு வேறு இடத்துத் தோல் போதாது. எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர் ஐயோனிஸ் யானாஸோடு அவர் சேர்ந்தார். மாட்டுத் தசைநாரில் இருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தையும், சுறாவின் குருத்தெலும்பில் கிடைக்கும் ஒரு சர்க்கரைச் சேர்மத்தையும் கலந்து, பஞ்சு போல நுண்துளைகள் கொண்ட ஒரு படலம் செய்தார்கள். ஈரம் போகாமலும் கிருமி புகாமலும் இருக்க மேலே மெல்லிய சிலிக்கோன் தாள்.

புண்ணைச் சீக்கிரம் சுருங்கி மூட வைப்பதுதான் அவர்களின் எண்ணம். விலங்குச் சோதனையில் நடந்ததோ தலைகீழ். இந்தப் படலம் போட்ட புண் சுருங்குவதற்குக் கூடுதல் நாள் எடுத்தது. முதலில் தோல்வி என்றுதான் நினைத்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தபோதுதான், அந்த இடத்தில் வழக்கமான கடினத் தழும்புக்குப் பதிலாக உட்தோலுக்கு நெருக்கமான திசு உருவாகியிருந்தது தெரிந்தது. 1981-இல், கடுமையாகத் தீக்காயம் பட்ட பத்து நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்திய விவரத்தை வெளியிட்டார்கள். ‘இன்டெக்ரா’ என்ற பெயரில் அது 1996-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றது.

பாகற்கொடிக்குப் பந்தல் போடுகிறோம் அல்லவா? கொடியை நாம் இழுத்து வளர்ப்பதில்லை. பற்றிக்கொள்ள ஏதாவது இருந்தால் அதுவே தடவிப் பிடித்து ஏறும். இந்தப் படலமும் அப்படி ஒரு பந்தல்தான். பக்கத்துத் திசுவின் அணுக்கள் அதன் துளைகளுக்குள் நுழைந்து, பிடித்துப் படர்ந்து, தங்கள் சொந்த இழைகளை நெய்கின்றன. அதே வேளையில் உடல் பந்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. சில வாரத்தில் பந்தல் இருக்காது, கொடி மட்டும் நிற்கும்.

ஏன் இது வேலை செய்கிறது என்ற ஆராய்ச்சி பின்னால்தான் சூடு பிடித்தது. அதில் எனக்கு மிகவும் வியப்பாக இருந்த செய்தி, உயிரணு ‘தொட்டு’ உணர்கிறது என்பது. மருந்து ஏதும் கலக்க வேண்டியதே இல்லை. பொருளின் வடிவமே அணுவிடம் பேசுகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பெருவிழுங்கிகளை மிக மெல்லிய கோடுகள் போட்ட பரப்பில் வளர்த்தார்கள். கோட்டின் வழியே நீண்டு கிடக்கும்படி ஆன அணுக்கள் கொத்தனார் குணத்தின் பக்கம் சாய்ந்தன. நின்ற கோலத்தை மாற்றியதில் குணமே மாறத் தொடங்கியிருக்கிறது.

துளையின் அளவும் அப்படித்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் படி ரட்னர் குழுவினர், 30 முதல் 40 மைக்ரான் வரையிலான உருண்டைத் துளைகள் கொண்ட பொருளை உடலுக்குள் வைத்தால், அதற்குள் இரத்தக் குழாய்கள் நன்றாகப் புகுந்து வளர்வதையும் தழும்பு குறைவதையும் கண்டார்கள். அது ஒரு தலைமயிரின் தடிமனில் ஏறக்குறையப் பாதி.

தோட்டத்துக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கைதேர்ந்த வெட்டுக்காரர் மரத்தின் உள்சதையைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவுவார். சில ஆண்டில் அந்த இடத்தில் வழவழவென்று புதுப்பட்டை வரும். கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் ஆறும். பிறகு அதில் ஒழுங்காகக் கத்தி வைக்க முடியாது. காயம் ஒன்றுதான். எப்படி ஆறுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

கால் புண்ணுக்கு வந்த கதை

தீக்காயத்துக்குச் செய்த அதே பொருளின் ஒரு வடிவத்தை நீரிழிவுக் கால் புண்ணுக்குப் பயன்படுத்த 2016 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு ஆதாரமாக இருந்த சோதனையில், 16 வாரத்தில் இந்தப் படலம் போட்டவர்களில் 51 விழுக்காட்டினருக்குப் புண் முழுதாக ஆறியது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 32 விழுக்காடு.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். முன்னேற்றம் உண்மைதான். ஆனால் படலம் போட்டும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 16 வாரத்தில் ஆறவில்லை. படலம் போடாமல், ஒழுங்கான பராமரிப்பால் மட்டுமே மூன்றில் ஒருவருக்கு ஆறியும் இருக்கிறது. ‘அதிசயத் தோல்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகள் இந்த இரண்டையும் சொல்வதில்லை.

அனுமதியில் இன்னொரு வரியும் இருந்தது. ஆறு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருக்கும் புண்ணுக்கு இதைப் பயன்படுத்தலாம். ஆனால் தசைநாரோ மூட்டுறையோ எலும்போ வெளியே தெரியக் கூடாது. கிருமி பிடித்த புண்ணுக்கும் கூடாது. அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம்தான் வந்தது. ஆணி குத்திய முதல் மாதத்தில் அவர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தார். மூன்றாவது மாதத்தில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

கொலாஜன் படலத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. புண்ணில் மிஞ்சிக் கிடக்கும் அரிக்கும் நொதிகளுக்கு அது இரையாகிறது. மாட்டுக்கு வைக்கோலைப் போட்டுவிட்டால் நாற்றங்காலை விட்டுவிடும் அல்லவா, அதுபோல. நொதி படலத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் புதுத் திசு தப்பி வளர்கிறது.

மாடா, பன்றியா, மீனா?

நம் நாட்டில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. இத்தகைய படலங்களில் பல மாட்டில் இருந்தோ பன்றியில் இருந்தோ வருகின்றன. அமெரிக்காவின் ஸ்டீபன் பேடிலாக் 1980-களின் இறுதியில் பன்றியின் சிறுகுடல் சுவரை எடுத்து, அணுக்களை எல்லாம் கழுவி நீக்கி, மிஞ்சிய இழைவலையைப் பந்தலாகப் பயன்படுத்தும் வழியைத் தொடங்கிவைத்தார். அணுக்களை நன்றாக நீக்கிய வலைக்குள் வரும் பெருவிழுங்கிகள் கொத்தனார் கோலத்துக்கு மாறுவதையும், சரியாக நீக்காவிட்டால் சண்டைக் கோலத்தில் நிற்பதையும் காட்டியதில் அவருடைய குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு.

பன்றி என்றால் முஸ்லிம் நண்பர்களுக்குத் தயக்கம், மாடு என்றால் நம்மில் பலருக்குத் தயக்கம். ‘இது எதில் செய்தது டாக்டர்?’ என்று கேட்பதில் தவறே இல்லை. வேறு வழிகளும் இருக்கின்றன. நியூசிலாந்தில் ஆட்டின் வயிற்றுச் சுவரில் இருந்து செய்கிறார்கள். ஐஸ்லாந்தில் காட் என்ற கடல் மீனின் தோலைப் பதப்படுத்திச் செய்யும் படலத்துக்கு 2013-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஆழமான நீரிழிவுக் கால் புண்களில் அதை வைத்து நடத்திய சோதனை 2024-இல் வெளிவந்தது. 16 வாரத்தில் மீன் தோல் போட்டவர்களில் 44 விழுக்காட்டினருக்கும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் புண் ஆறியது. பிரேசிலில் தீக்காயத்துக்குத் திலாப்பியா மீன் தோலைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆம், நம் பாசாரில் விற்கும் அதே திலாப்பியாதான். ஆனால் அவர்கள் கழுவி, கிருமி நீக்கி, சோதித்துப் பயன்படுத்தினார்கள். யாரும் தயவுசெய்து மீன் கடைக்கு ஓட வேண்டாம்!

மலேசியாவிலும் இத்துறையில் வேலை நடக்கிறது. செராசில் உள்ள யு.கே.எம். மருத்துவப் புலத்தின் திசுப் பொறியியல் மையம், நோயாளியின் சொந்தத் தோல் அணுக்களையே வளர்த்துத் தோல் படலம் உருவாக்கும் ஆய்வில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறது. அங்கே விலங்குப் பொருள் பற்றிய தயக்கமும் மத நம்பிக்கையும் ஆய்வகக் கவலைகளாகவே இருக்கின்றன என்பது இயல்பு.

ஒதுக்கி வைக்கும் உடல்

பெருவிழுங்கிகள் எப்போதும் சமாதானத்துக்கு வருவதில்லை. தாம் விழுங்க முடியாத அளவு பெரிய பொருள் உள்ளே இருந்தால், பல அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பூத அணுவாகின்றன. அதுவும் முடியாவிட்டால், அந்தப் பொருளைச் சுற்றித் தடித்த இழைச் சுவர் எழும்புகிறது. ஊர்க்கட்டுப்பாடு போட்டு ஒரு வீட்டை ஒதுக்கி வைப்பது போல. உடலுக்குள் பதிக்கும் கருவிகள் பலவற்றுக்கு இந்தச் சுவர் ஒரு தலைவலி.

நீரிழிவுக்கே இதில் ஒரு கனவு தொங்கிக்கொண்டிருக்கிறது. இன்சுலின் சுரக்கும் அணுக்களைக் கடற்பாசிக் கூழால் ஆன சிறு உருண்டைகளுக்குள் வைத்து வயிற்றறையில் விட்டுவிட்டால், ஊசி இல்லாமலே சர்க்கரை கட்டுப்படுமா? உருண்டையைச் சுற்றிச் சுவர் எழும்பிவிட்டால் உள்ளே இருக்கும் அணுக்கள் மூச்சுத் திணறிச் சாகும். எம்.ஐ.டி.யின் ராபர்ட் லேங்கர், டேனியல் ஆண்டர்சன் குழுவினர் அந்தக் கூழின் வேதி அமைப்பைச் சிறிது மாற்றி, உருண்டையின் அளவையும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான அவர்களின் ஆய்வில், மனித அணுக்கள் கொண்ட அத்தகைய உருண்டைகள் எலிகளின் சர்க்கரையை 174 நாள் வரை கட்டுப்பாட்டில் வைத்திருந்தன. எலியில் நடப்பது மனிதரிடம் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதே மாதிரி உருண்டைகளை இரத்தம் உறையாத நோய்க்காக மனிதரிடம் சோதித்தபோது, உருண்டைகளைச் சுற்றிச் சுவர் எழும்பிவிட்டது.

புற்றுநோயில் இதற்கு நேர்மாறான வேலை. அங்கே உடல் சண்டை போட மறுக்கிறது. அதைத் தூண்ட வேண்டும். ஹார்வர்டின் டேவிட் மூனி குழுவினர், ஆஸ்பிரின் மாத்திரை அளவிலான ஒரு நுண்துளை வில்லையைத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். அந்த வில்லை காவல் அணுக்களை உள்ளே வரவழைத்து, ‘எதிரி இவன்தான்’ என்று அடையாளம் காட்டித் திருப்பி அனுப்பும். தோல் புற்றுநோயாளிகளிடம் அதன் முதல்கட்டச் சோதனை 2013-இல் பாஸ்டனில் தொடங்கியது. பந்தல் ஒன்றுதான். அதில் எதை ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்துக் கொத்தனாரையும் அழைக்கலாம், சண்டைக்காரனையும் அழைக்கலாம்.

வீட்டுக்கு வந்தால்

இந்தப் படலங்கள் விலை கூடியவை. புண் மருத்துவத்தில் தேர்ந்தவர்கள் பார்த்து, அழுகியதைச் சுரண்டி எடுத்து, இரத்த ஓட்டம் இருக்கிறதா என்று சோதித்த பிறகே போடுவார்கள். இரத்தம் வராத காலில் எந்தப் பந்தல் போட்டாலும் கொடி ஏறாது. படலத்தைப் போட்டுவிட்டு அதே காலை ஊன்றி நடந்தாலும் வீண்தான்; புண் பட்ட இடத்தில் உடல் எடை விழாமல் பார்த்துக்கொள்வது சிகிச்சையில் பாதி. சர்க்கரை இறங்காவிட்டால் பெருவிழுங்கிகள் மறுபடியும் சண்டைக்குத் திரும்பிவிடும்.

தேன், மஞ்சள், காமாட் பற்றிப் பலர் கேட்பார்கள். மருத்துவத்துக்கென்று கிருமி நீக்கிய தேன் கட்டுகள் இருக்கின்றன; அவை வேறு, சமையலறைப் போத்தல் வேறு. மரத்துப் போன காலில் எதைத் தடவுவதாக இருந்தாலும் கிளினிக்கில் காட்டிவிட்டுச் செய்யுங்கள். காலில் தோல் விட்டுப் போயிருந்தால், வலி இல்லை என்பதற்காக நாளைக்கு என்று தள்ளாதீர்கள். கட்டு மாற்றப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: காலில் இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது? எலும்பு வரை போயிருக்கிறதா? நான்கு வாரத்தில் புண் பாதியாகக் குறையாவிட்டால் அடுத்து யாரிடம் அனுப்புவீர்கள்?

பெரியம்மாவுக்கும் இப்போது சர்க்கரை ஏறியிருக்கிறது. இரவு சாப்பாடு முடிந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். சக்கர நாற்காலியைப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து, கைப்பேசி விளக்கைப் பிடித்து, விரல் இடுக்கு இடுக்காகப் பார்ப்பவர் பெரியப்பா. “கூச்சமா இருக்கு, விடுங்க” என்று பெரியம்மா சொன்னால், “கூசுதுன்னா நல்லதுதான்” என்கிறார்.